டப்பா ஆன்ட்டி

ஃபிஜித் தீவில் நாடி ஊரிலிருந்து ரக்கிரக்கி வரைக்கும் சரோஜை எல்லோருக்கும் டப்பா ஆன்ட்டி என்றுதான் தெரியும். தோளில் பெரிய துணிப்பை, அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள், கையில் படம் போட்ட விலைப்புத்தகம். பருப்பு டப்பா, ரொட்டி மாவு டப்பா, பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தாலும் குழம்பு சிந்தாத சாப்பாட்டு டப்பா. விற்பதும் நிஜமான விற்பனைதான், அதில் பொய் கிடையாது. ஆனால் அவள் வேலை அது இல்லை. பல வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், இப்போது ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்காக எச்.ஐ.வி. உள்ள பெண்களையும் இளவயதுப் பிள்ளைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்த்து வந்தாள். டப்பா அதற்காகப் போட்ட வேஷம்.

வேஷம் எதற்கு என்றால், முதலில் ஆபீஸ் வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். வேனின் பக்கவாட்டில் நிறுவனத்தின் சின்னத்தை ஒரு புண்ணியவான் பளிச்சென்று வரைந்து வைத்திருந்தான். அந்த வேன் நின்ற வீட்டுப் பிள்ளைகளை மறுநாளிலிருந்து யாரும் விளையாடக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் சரோஜுக்கு டப்பா யோசனை வந்தது. நம் குடும்பங்களில் ஒரு விசேஷம் உண்டு. டப்பாப் பேச்சு ஆரம்பித்தால் ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா, எறும்பு ஏறுமா என்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்க எந்தப் புருஷனுக்கும் பொறுமை இல்லை. அப்புறம் சமையலறையில் இரண்டு பெண்கள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

இதில் அவளே வகுத்துக்கொண்ட ஒரு சட்டம் இருந்தது. போகவேண்டிய வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது. இந்தப் பக்கம் இரண்டு வீடு, அந்தப் பக்கம் இரண்டு வீடு ஏறி இறங்கித்தான் நடுவில் இருக்கும் வீட்டுக்குள் நுழைய வேண்டும். நாலைந்து வருஷம் அதைத் தவறாமல் காப்பாற்றினாள். உடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கிளம்பினார்கள், அவர்கள் பார்த்த ஊர்களும் இவள் தலையில் விழுந்தன. பிறகு 2006 டிசம்பரில் ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்தது. பஸ் குறைந்தது, சாலைகளில் சோதனைச் சாவடி வந்தது. போகவேண்டிய வீட்டுக்கு மட்டும் நேராகப் போய்த் திரும்புவது எப்போதோ ஆரம்பித்த பழக்கம், இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. இதனால் என்ன குடியா முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

இந்தச் சமயத்தில் தலைநகர் சுவாவில் இருந்த ஆபீசுக்கு வெளிநாட்டில் படித்த ஓர் அம்மாள் புதிதாக வந்து சேர்ந்தார். நோயை மட்டும் பார்க்காதீர்கள், ஆளை முழுசாகப் பாருங்கள் என்றார். உடம்பு, மனசு, வீடு, வருமானம், சாமி, சொந்தபந்தம் என்று எல்லாவற்றையும் விசாரித்து, யாருக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். முதலில் பெண்களும் இளையோரும். சரோஜ் இதில் குறை சொல்ல மாட்டாள், நல்ல யோசனைதான். பசிக்கிறதா என்று கேட்பது யாருக்குத்தான் நல்ல யோசனையாகப் படாது? கேட்டவர் கையில் சோறு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ரொனீதாவுக்கு இருபத்துமூன்று வயது. ஆகவே சுவாக் கணக்கில் அவள் பெண்கள் வரிசையிலும் வந்தாள், இளையோர் வரிசையிலும் வந்தாள். இரண்டு தடவை எண்ணப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இருக்க ஓர் இடம் தேடியதுதான் இந்தக் கதை.

அவள் புருஷன் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனான். இருமலோடு திரும்பி வந்தவன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. போகிறவன் சும்மா போகாமல் நோயை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். மாமியார் வீட்டில் காரியம் முடிந்த கையோடு பெட்டியைக் கட்டி அண்ணன் பிரனேஷ் வீட்டில் விட்டார்கள். பிரனேஷுக்கு நாடியிலேயே மார்டின்டார் பக்கம் ஒரு ஓட்டலில் கணக்கு வேலை. டிசம்பருக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வருவது நின்று ஓட்டல் ஈ ஓட்டியது. ஏற்கெனவே போட்டு வைத்திருந்த நியூசிலாந்து மனுவுக்கு அனுமதி வந்ததும் அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மனைவி ஷலேஷ்னி, இரண்டு பிள்ளைகள், அவன். கல்யாணமான தங்கையைச் சேர்த்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் வழியில்லை. அவள் தனியாக மனு போட்டால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். ரத்தம் எடுத்தால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

சரோஜ் மதிப்பீட்டுக்காக அந்த வீட்டுக்குப் போனபோது கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஷலேஷ்னி ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "டப்பாவெல்லாம் இப்ப எதுக்கு ஆன்ட்டி, நாங்கதான் போறோமே" என்றாள். அவளுக்கு ரொனீதாவின் நோய் தெரியும், சரோஜ் யார் என்பது தெரியாது. சரோஜ் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தாள்.

அங்கே இருவரும் பேசியது ஃபிஜி இந்தியில். ரொனீதாவுக்குத் தெரிந்த தமிழ், கோவிலில் பாடும் நாலு வரியும் ரக்கிரக்கி அத்தை திட்டும் நாலு வார்த்தையும்தான். கதை தமிழில் இருப்பதால் அவர்கள் பேச்சையும் தமிழாகவே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"மாத்திரை ஒழுங்கா சாப்புடுறியா?"

"சாப்புடுறேன் ஆன்ட்டி. அரிசி மூட்டைக்குப் பின்னால வெச்சிருக்கேன்."

"தூக்கம்?"

"அது வருது. முழிக்கத்தான் பிடிக்கல."

"கோவிலுக்குப் போறதுண்டா?"

"போயிட்டுத்தான் இருந்தேன். பிரசாதம் கலக்குற பாத்திரத்த தொடாதேன்னு அண்ணி சொன்னாங்க. அதுக்கப்புறம் போகல. சாமிக்கு ஒட்டிக்கும்னு பயம் போல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தில் கயிறு கட்டும் சத்தம் நின்றது. சரோஜ் ஒரு மூடியைச் சத்தமாகத் திறந்து மூடினாள்.

"வேற என்ன வேணும் உனக்கு? எதுவானாலும் சொல்லு."

ரொனீதா பின்னலை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். "யாராச்சும் தலைக்கு எண்ணெ வெச்சு விட்டா நல்லா இருக்கும்" என்றாள். "அவரு போனதுக்கப்புறம் யாரும் என்னைத் தொட்டதில்ல ஆன்ட்டி. டாக்டர்கூட கையுறை போட்டுக்கிட்டுத்தான்."

சுவா அம்மாள் சொல்லிக்கொடுத்த எந்தத் தலைப்பிலும் இது வராது. சரோஜ் அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்தாள். ரொனீதாவைத் தரையில் உட்காரவைத்து, பின்னலைப் பிரித்து, உச்சி சில்லென்று ஆகும்வரை எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். பின்னி முடிக்கும்போதுதான் சரோஜ் முக்கியமான கேள்வியைக் கேட்டாள்.

"இவங்க போனப்புறம் எங்க இருப்ப?"

"வீட்டுக்காரரு மாசக் கடைசியில சாவி கேக்குறாரு. ரக்கிரக்கியில அத்தை இருக்காங்க, அப்பாவோட அக்கா. வந்து இருன்னு சொல்லியிருக்காங்க." திரும்பிப் பார்த்தாள். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் கூடாது ஆன்ட்டி. தெரிஞ்சா எனக்கு வேற எடம் இல்ல."

"நான் சொல்ல மாட்டேன். போயி வீட்ட மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு வரேன். தண்ணி எப்பிடி, பஸ் எப்பிடி, மனுஷி எப்பிடின்னு தெரிஞ்சுக்கணும்ல?"

வீட்டை நேரில் பார்க்காமல் நல்ல வீடு என்று எழுதி அனுப்ப அவளால் முடியாது. அது அவள் வேலைச் சுத்தம். அந்தச் சுத்தமே பெண்ணின் தலையில் மண்ணைப் போடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ரக்கிரக்கி போகிற வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிய சிப்பாய் ஒருவன் "புலா ஆன்ட்டி" என்று வணக்கம் சொல்லிவிட்டு, பையைக் கொட்டச் சொன்னான். ஒவ்வொரு டப்பாவையும் மூடி திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். எல்லாம் காலி என்று உறுதியானதும், குழம்பு டப்பாவின் மூடி நிஜமாகவே சிந்தாதா என்று தன் மனைவிக்காக விசாரித்தான். நாட்டைப் பிடித்தவனுக்கும் வீட்டில் டப்பா வேண்டியிருக்கிறது. சரோஜ் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். நல்ல சகுனம் என்றுகூடத் தோன்றியது.

பாப்பம்மாவின் வீடு கரும்புக் காட்டுக்கு நடுவில். அறுபதைத் தாண்டியவள், வாட்டசாட்டமான உடம்பு, கணவர் இல்லை. சரோஜின் வாயிலிருந்து தமிழ் வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மகன் இரண்டாயிரமாம் வருஷக் கலவரத்தில் கனடா போனவன். இன்னொருவன் இந்த ஜனவரியில் சிட்னிக்கு.

"கவர்மெண்ட்ட கவுக்குற ஒவ்வொரு வாட்டியும் எனக்கு ஒரு புள்ள போச்சு" என்றாள். "இனிமே கவுத்தாங்கன்னா குடுக்க எங்கிட்ட ஆளு இல்ல."

"நாடியில உங்க மருமக ரொனீதாவ எனக்குப் பழக்கம். இங்க வரப்போறதா சொன்னா. இந்தப் பக்கம் வந்தேன், அப்பிடியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு."

"வரட்டும், வரட்டும். என் தம்பி பொண்ணு இல்லியா? சின்ன வயசுலயே தாலி அறுத்துட்டு நிக்குது, பாவம். நான் இங்க செவுத்தோட பேசிக்கிட்டுக் கெடக்கேன்."

அறையைக் காட்டினாள். கட்டிலில் புது விரிப்பு போட்டாயிற்று. சன்னலுக்கு வெளியே பலாமரம். பூட்டுள்ள அலமாரி ஒன்று இருந்தது. மாத்திரையை எங்கே வைப்பது என்ற கவலை தீர்ந்தது. தண்ணீர்த் தொட்டி நிறைய இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காலையில் வாசலிலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், பேச ஆளில்லாமல் தவிக்கிற ஒரு நல்ல மனுஷி. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி எல்லாம் பொருந்திவந்த வீட்டைச் சரோஜ் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் இன்னொரு டீ கேட்கத் தோன்றியது, கேட்டும் விட்டாள்.

டீ கொண்டுவந்த பாப்பம்மா பையிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நீல மூடி போட்ட ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பினாள்.

"இந்த மாதிரி ஒண்ணு நடராஜன் வீட்டுல பாத்திருக்கேனே."

சரோஜ் டீயைக் கீழே வைத்தாள். நடராஜன் வீடு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் மகளைப் பார்க்க ஒரு வருஷம் வந்து போயிருக்கிறாள். ஆனால் அது கரும்பாலைப் பக்கம் இறங்கிப் போகிற வீடு, இங்கிருந்து வெகுதூரம் என்று நினைத்திருந்தாள். பாப்பம்மா பின்கதவைத் திறந்தாள். கரும்புக்கு மேலே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், நடராஜன் வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது. ரோட்டு வழியாகத்தான் அது சுற்று.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு டப்பாக்காரி வந்து வந்து போவா. நாடிக்காரின்னாங்க. நான் அவங்க வாசலுக்கே போயி, எனக்கும் ஒரு மாவு டப்பா வேணும் புள்ளன்னு கூப்புட்டேன். காது கேக்காத மாதிரி போயிட்டா. சுத்தி இத்தன வீடு இருக்க, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்னடி யாவாரம்னு அப்பவே நாங்க பேசிக்கிட்டோம்." முகத்தை உற்றுப் பார்த்தாள். "அது நீதானே?"

சரோஜ் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு எதுல செத்துச்சுன்னு இப்ப இங்க எல்லாருக்கும் தெரியும். நீ எதுக்கு வந்து போனேன்னும் தெரியும்." பாப்பம்மாவின் குரல் இறங்கியது. "ரொனீதாவ உனக்கு எப்பிடிப் பழக்கம்?"

டப்பா வாங்குவாள் என்று சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய பொய், நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவள் முகம் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டது. பாப்பம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, புது விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சரோஜ் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றால் ஒட்டாது, கொசு கடித்தால் ஒட்டாது. மாத்திரை வந்துவிட்டது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நல்லபடியாக இருப்பாள். பாப்பம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். அவள் திட்டவில்லை, எல்லாவற்றையும் நம்பினாள். அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஒட்டிக்கும்னு எனக்குப் பயமில்ல, நான் வாழ்ந்து முடிச்சவ. ஆனா வர்ற மாசம் கரும்பு வெட்டு. வெட்டுற கேங்குக்கு சோறு என் அடுப்புலதான். அத்தன பேரும் என் கையால தின்னாத்தான் என் கரும்புல கத்தி வெப்பாங்க. நடராஜனுக்கு என்ன ஆச்சு தெரியுமா? விஷயம் வெளிய வந்ததும் அவன் வீட்டு டீயக்கூட எவனும் குடிக்கல. கரும்பு நின்ன எடத்துலயே காஞ்சுபோச்சு. இப்ப குடும்பத்தோட கடல் தாண்டி லம்பாசாவுக்குப் போயிட்டான்."

"யாருக்கும் தெரியாம பாத்துக்கலாம் அக்கா."

"எப்பிடிப் பாத்துக்குவ?" பாப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ பையத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்குள்ள வந்தத ரோட்டுக்காரங்க எல்லாம் பாத்திருப்பாங்க. நாளைக்கு அவ பெட்டியோட வந்து எறங்குனா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு போட மாட்டாங்களா? நீ வராம இருந்திருந்தா, நான் ஒண்ணும் தெரியாமலே அவள வெச்சு சோறு போட்டிருப்பேன் புள்ள. ஏன் வந்த?"

சரோஜ் எழுந்தபோது பாப்பம்மா டப்பாக்களைத் தானே பைக்குள் அடுக்கிக் கொடுத்தாள். எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகாதே என்றாள். வாசலில் நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மார்டின்டாரில் ஒரு பேக்கரிக்கு வெளியே பெஞ்சில் வைத்து ரொனீதாவிடம் சொன்னாள். ஒளிக்கவில்லை, தன்னால்தான் கெட்டது என்பதையும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பெண் கத்தியிருந்தால், உன்னை யார் போகச் சொன்னது என்று சட்டையைப் பிடித்திருந்தால் சரோஜுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரொனீதா கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பிய்த்துக் காகிதத்திலேயே வைத்தாள்.

"அத்தை அழுதாங்களா?"

"அழுதாங்க."

"அவங்களுக்கு என்மேல ரொம்ப ஆசை."

ரோட்டில் போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ரொனீதா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"ஆன்ட்டி, கொஞ்ச நாளைக்கு ஒங்க வீட்டுல இருக்கட்டுமா? நீங்களும் அங்கிளும் மட்டும்தானே இருக்கீங்க. சமைச்சிடுவேன், துவைச்சிடுவேன். வேல கெடைச்சதும் போயிடுவேன்."

எவ்வளவு நியாயமான கேள்வி! தொட்டால் ஒட்டாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவளின் வீட்டைவிட நல்ல வீடு எங்கே இருக்கிறது? ஆமாம் வா என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"அங்கிள்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் சரோஜ்.

ரவீந்திரா டாக்சி ஓட்டுகிறவர். ஓட்டல்கள் காலியான நாளிலிருந்து பாதி நாள் விமான நிலையத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டுதான் நின்றார், ஆனாலும் வீட்டுக்கு வரும்போது ஒரு சிரிப்புக் கதை இல்லாமல் வரமாட்டார். அன்றும் சாப்பிட்டுக்கொண்டே, தன்னை ஆர்மிக்காரன் நிறுத்தி டிக்கியில் இருந்த முட்டைக்கோஸை எண்ணிய கதையைச் சொன்னார். சரோஜ் சிரிக்கவில்லை.

"என்ன யோசன? யாராவது முடியாம இருக்காங்களா?" என்று கேட்டார். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"ஒண்ணும் இல்ல, அலுப்பு" என்றாள்.

எழுந்து போய் முகம் கழுவினாள். குழாய்க்கு மேலே இருந்த கோப்பையில் இரண்டு பல் துலக்கும் பிரஷ்கள் சாய்ந்திருந்தன. அதில் மூன்றாவது ஒன்றை அவள் மனசு தானாகக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தது. தன் பிரஷ்ஷைக் கோப்பையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தாள்.

அவளுக்கே நம்பமுடியவில்லை. எத்தனை வீட்டுத் தம்ளரில் டீ குடித்திருக்கிறாள், எத்தனை பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டிருக்கிறாள், நேற்று முந்தாநாள்தான் இதே பெண்ணின் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். அப்போதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. அது வேலை, முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இது தன் வீடு, தன் குழாய். ஒட்டாது என்று ஊருக்குச் சொன்னது பொய்யில்லை, முழுசாக நம்பித்தான் சொன்னாள். நம்பிக்கை தலையில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. கண்ணாடியில் தெரிந்த தன் மூஞ்சியைப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினாள். நாளை வந்தபோது, அவருக்கு வருமானம் குறைந்த நேரத்தில் இன்னொரு சுமையா என்று ஒரு காரணம் கிடைத்தது. இன்னொரு நாள், நோயாளியை வீட்டில் வைத்தால் தன் வேஷம் கலைந்து மற்ற வீடுகளுக்கும் கெடுதல் என்று அதைவிட நல்ல காரணம் கிடைத்தது. தேடுகிறவருக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ரவீந்திரா தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் குழம்பு ஊற்றினாள். வாயில் அந்த ஒரு கேள்வி மட்டும் வரவில்லை.

மாசக் கடைசி நெருங்கியது. ரொனீதாவே வந்து பேக்கரி பெஞ்சில் காத்திருந்தாள்.

"அவரு வேணாம்னுட்டாரு ரொனீதா" என்றாள் சரோஜ். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

ரொனீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்ல ஆன்ட்டி. என்னால நீங்க அங்கிளோட சண்ட போடாதீங்க. ஆம்பளைங்களுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்?" என்று தேற்றினாள். சரோஜ் அழுதாள். அந்தப் பெண்ணுக்காக அழுகிறாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

ஓர் ஓட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் ரொனீதாவுக்கு வேலை கிடைத்தது. மார்டின்டார் தெருவுக்குப் பின்னால், வேலைக்காரப் பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டிலும் கிடைத்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே அலமாரி, அதற்குப் பூட்டு இல்லை. மாத்திரையைத் தலையணை உறைக்குள் தைத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கூட இருப்பவர்கள் தூங்குகிற சமயம் பார்த்துத்தான் சாப்பிட முடியும், சில நாள் தவறும் என்றாள். தவறக்கூடாது என்று சரோஜ் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்?

பிரனேஷ் குடும்பம் கிளம்பிய நாளில் விமான நிலையத்தில் பாதி நாடி நின்று அழுதுகொண்டிருந்தது. அப்போதெல்லாம் தினமும் அப்படித்தான். வழியனுப்ப வந்தவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். தெருவுக்குத் தெரு வீடுகள் பூட்டிக் கிடந்தன, இந்தப் பெண்ணுக்கு மட்டும் இந்தத் தீவில் ஓர் அறை இல்லை. பிரனேஷ் தங்கையின் தலையில் கையை வைக்கப் போனான், ஷலேஷ்னி பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டான். அவர்கள் உள்ளே போனதும் ரொனீதா ஒரு பெட்டியோடு தனியாக நின்றாள். சரோஜ் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ரவீந்திராவின் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது, தவிர்க்க வழியில்லை.

"நமஸ்தே அங்கிள்" என்று ரொனீதா கைகூப்பினாள். குரலில் துளிக் கோபம் இல்லை. "ஒங்களுக்கு ரொம்ப சங்கடம் குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்னம்மா சங்கடம், நம்ம வண்டிதானே" என்று ரவீந்திரா பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தார். சரோஜ் சட்டென்று முன்சீட்டில் ஏறி, வழியெல்லாம் ஓயாமல் எதையோ பேசிக்கொண்டே வந்தாள்.

அறை வரைக்கும் பெட்டியை ரவீந்திராவே தூக்கிப்போனார். சரோஜ் வண்டியைவிட்டு இறங்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர் சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உன் பொண்ணுங்கள்ல ஒருத்திதானே இது?"

"ம்."

"யாருமே இல்லையா?"

"அண்ணன் இப்பத்தானே போனான்."

"அந்த ரூம்ல காத்தே இல்ல சரோஜ். சன்னலத் தொறந்தா செவுருதான். அஞ்சாறு பொண்ணுங்க அடைஞ்சு கெடக்குதுங்க." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நம்ம பொண்ணு பிரிஸ்பேன் போனதுலேருந்து அவ ரூம் சும்மாத்தானே பூட்டிக் கெடக்கு? இவளக் கூட்டிட்டுப் போயிரலாமே. நீ எங்கிட்ட கேக்கவே இல்லையே?"

அறை வாசலில் ரொனீதா நின்று கை அசைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி இன்னும் திறக்காமல் அவள் காலடியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அதே பெட்டியை அப்படியே திரும்ப ஏற்றிவிடலாம். ஆனால் அவள் வண்டியில் ஏறியதும், நீங்க மனசு மாறிட்டீங்களா அங்கிள் என்று கேட்பாள். ரவீந்திரா எதைப் பற்றி என்பார். சரோஜ் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அதான் அவளுக்கு எடம் கெடைச்சிருச்சே" என்றாள். "நீங்க வண்டிய எடுங்க."

ரவீந்திரா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.